ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு விடுப்பு விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. நான் பாடம் நடத்துவதை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, மாலை ஐந்து மணிக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

முப்பத்தோரு வருடம் வகுப்பெடுத்தவளுக்கு ஐந்து நிமிடம் ஒரு விஷயமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் மூன்று வாரம் அவகாசம் கொடுத்தும், கடைசி நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த வேலை நினைவுக்கு வந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு, கீரனூர் போகும் வழியில் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஆசிரியராகப் போகிறவர்களுக்கு, தமிழ்ப் பாடத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித் தருகிறேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். என் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. நான் பேசுவேன், மின்விசிறி பேசும். அவ்வளவுதான்.

முதல்வர் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். மரியாதையாகத்தான் சொன்னார். “மேடம், நீங்க பேசுறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்க தூங்கிடுதுங்க.”

இந்த வருடம் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பதை வெளியூர்க் குழு ஒன்று வீடியோவைப் பார்த்து முடிவு செய்யும் என்றார். பாரபட்சம் வரக் கூடாதென்று பெயர் கிடையாதாம், எண் மட்டும்தான். நான் பயிற்றுநர் ஏழு. மாணவர்கள் பேச வேண்டும், கேட்க வேண்டும், எழுந்து வந்து எழுத வேண்டும். அதற்குத்தான் மதிப்பெண்.

வேலை போனால் பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் காலை எட்டரைக்குத் திருக்கோகர்ணம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்க எனக்கு ஒரு காரணம் வேண்டும். வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும்தான். பேச வேண்டியதையெல்லாம் நாங்கள் என்றோ பேசி முடித்துவிட்டோம்.

ஐந்து நிமிட வகுப்புக்கு நிஜப் பிள்ளைகள் தேவையில்லை. பெரியவர்கள் பிள்ளைகளாக நடித்தால் போதும். பி.எட். கல்லூரிகளில் இதுதான் வழக்கம். மீசை வைத்தவர்களெல்லாம் ஆறாம் வகுப்பாக உட்கார்ந்து “டீச்சர், இவன் கிள்ளுறான்” என்பார்கள்.

ஆனால் கல்லூரிக்கு விடுமுறை. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவைக் கேட்கலாமென்றால் அன்று முகூர்த்த நாள். பாதிப் பேர் கல்யாணத்தில் இருந்தார்கள். மீதிப் பேர் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தூக்கத்தில் இருந்தார்கள்.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் ஐந்து பேர் விழித்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் ஒருவரான முருகேசன் யோசித்தார். “நான் அஞ்சாவதோட நின்னவன் டீச்சர். ஆறாவதுக்குப் பாஸ் போட்டுட்டீங்களா?”

போட்டுவிட்டேன்.

என் வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னேன். ஸ்டாண்டை விட்டு நகர்ந்தால் சவாரி முறை போய்விடும் என்றார்கள். சரி, வகுப்பு ஸ்டாண்டுக்கு வரட்டும் என்றேன். அங்கே ஒரு கரும்பலகையும் இருந்தது. யாருக்கு அடுத்து யார் சவாரி போக வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். அதை நானே முந்தானையால் துடைத்தேன். எத்தனை பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

போனை எடுத்தால் நான்கு சதவீதம் சார்ஜ். முருகேசன் தன் ஆட்டோவைப் பலகைக்கு நேரே திருப்பி நிறுத்தி, ஹேண்டில்பாரில் இருந்த பிடிப்பானில் என் போனை மாட்டி, சார்ஜரையும் சொருகினார். “வண்டி ஓடிக்கிட்டே இருந்தாத்தான் சார்ஜ் ஏறும், பரவால்லீங்களா?” என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். எஞ்சின் தடதடத்தது. நான் குரலை உயர்த்தினேன்.

பாடம், விடுப்பு விண்ணப்பம் எழுதுதல். நேரே பாடத்துக்குள் போகக் கூடாது, ஒரு கேள்வியோடு தொடங்க வேண்டும் என்று நானே பாடம் நடத்துகிறவள். எனவே கேட்டேன்: “நேத்து பள்ளிக்கூடத்துக்கு வராதது யாரு?”

“நான் இருபத்தஞ்சு வருஷமா வரலை டீச்சர்,” என்றார் முருகேசன்.

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. ஒருவர் ஒன்றுக்குப் போக விரல் காட்டினார். நடிப்பென்று நினைத்துச் சிரித்தேன். நிஜமாகவே போய்விட்டார்.

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். அங்கே நின்றது வகுப்பு. தங்களுக்கு லீவு கொடுக்கிற ஆள் யார் என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்காரிதான் என்றார் இன்னொருவர். தன் வீட்டில் அதை வாங்கிப் படிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாள் என்றார் முருகேசன். நான் ‘வகுப்பாசிரியர் அவர்கள்’ என்று எழுதிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்கு இறங்கினேன். ‘உடல்நலக் குறைவு காரணமாக...’

“டீச்சரம்மா, இந்த லெட்டருக்கு லீவு கெடைக்காது.”

பின்னாலிருந்து சாகுல், அதே ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று ஜெகதாப்பட்டினத்தில் சொந்தக்காரர் நிக்காஹுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, சட்டைப் பையில் பேனா. காக்கிச் சட்டைகளுக்கு நடுவே கல்வி அதிகாரி மாதிரி இருந்தார்.

ஏன் கிடைக்காது என்று கேட்டேன்.

அவர் பதினாலு வருடம் சவூதியில் லாரி ஓட்டியவர். அங்கே தொழிலாளர் கேம்பில் நாற்பது பேருக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் இவர்தானாம். காய்ச்சல் என்று எழுதினால் மாத்திரை கொடுப்பார்களாம். சாவு என்று எழுதினால் சான்றிதழ் கேட்பார்களாம்.

“படிக்கிறவனுக்கு அவனோட உம்மா ஞாபகம் வரணும். அப்பத்தான் கையெழுத்துப் போடுவான்.”

சொல்லிக்கொண்டே வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். “ஒரு நிமிஷம் இங்கிட்டு நில்லுங்க டீச்சரம்மா.”

நின்றேன். அவர் எழுதினார். ‘ஊரில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் கூரை என் தாயைவிட ஒரு வயதுதான் இளையது.’

முப்பத்தோரு வருடத்தில் நான் திருத்திய எந்தத் தாளிலும் அப்படியொரு வரி வந்ததில்லை. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆளாளுக்குக் கேள்வி. தங்கச்சி கல்யாணம் என்றால் எப்படி எழுதுவது, குழந்தை முகம் பார்க்கவில்லை என்றால் எப்படி எழுதுவது. சாகுல் ஒவ்வொருவராக எழுப்பிப் பலகையில் எழுத வைத்தார். எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. பேசினால் எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். கவனிக்கவில்லை. இன்னும் நன்றாகத் தூக்கினேன்.

“சொல்லுங்க,” என்றார்.

அந்த நேரம் பார்த்து இரண்டு கட்டைப் பைகளோடு ஓர் அம்மா வந்து பஸ் ஸ்டாண்டு போக வேண்டும் என்றார். யார் முறை? பலகையை நான் துடைத்திருந்தேன். நான்தான் அடுத்தது என்று இரண்டு மாணவர்கள் எழுந்தார்கள். சாகுல் சாக்பீஸை நீட்டி இருவரையும் உட்கார வைத்தார். அவர்கள் உட்காருவதற்குள், ஓடிக்கொண்டிருக்கிற வண்டிதான் தயாராக இருக்கிற வண்டி என்று அந்த அம்மா முருகேசன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முருகேசன் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு தொழிலைப் பார்த்தார். என் போனோடு, என் வகுப்போடு, என் ஒப்பந்தத்தோடு ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வரும்போது மணி நாலு ஐம்பது. போனில் வகுப்பு முழுக்க இருந்தது. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோடும் இருந்தது. எனக்கு வீடியோவை வெட்டத் தெரியாது. தனக்குத் தெரியும் என்றார் முருகேசன். வெட்டினார். கல்லூரி கொடுத்த எண்ணுக்கு அனுப்பியும் விட்டார். நாலு ஐம்பத்தெட்டு. எனக்கு உயிர் வந்தது.

“மொதல்ல கொஞ்சம் இழுவையா இருந்துச்சு டீச்சர். அதை வெட்டிட்டேன்.”

அந்த இழுவை யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்று போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடமும் ஆட்டோ எஞ்சின் தடதடவென்கிறது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. வெள்ளைச் சட்டையில் சாகுல் எழுதுகிறார், கை நீட்டிக் கேட்கிறார், தட்டிக் கொடுக்கிறார். ஓரத்தில் ஒரு கிழவி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

மறுநாளிலிருந்து கல்லூரி மேசை இழுப்பறையை ஒழிக்க ஆரம்பித்தேன். இரண்டு சாக்பீஸ் பெட்டி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, யாரும் கேட்காத கேள்விகளுக்கு நான் எழுதி வைத்திருந்த பதில்கள்.

பத்தாம் நாள் முதல்வர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. வீடியோவை அவர் பார்க்கவில்லை, குழுவின் அறிக்கை மட்டும்தான் வந்திருந்தது. எடுத்துப் படித்தார்.

‘பயிற்றுநர் ஏழு. ஒலிப்பதிவு தெளிவாக இல்லை. எனினும் ஆசிரியரின் மிடுக்கும் கையசைவும் பாராட்டுக்குரியவை. மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு. பணியில் தொடரலாம். ஓரமாக நின்ற வயதான மாணவி மட்டும் நெடுநேரம் கை தூக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஆசிரியர் கூடுதல் கவனம் தரலாம்.’

ஒப்பந்தக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். எங்கே கையெழுத்துப் போடுவது என்று தேடுவது போல நான் குனிந்துகொண்டேன்.

“யாரு மேடம் அந்த அம்மா?”

“தெரிஞ்சவங்கதான்,” என்றேன். “கொஞ்சம் மெதுவாத்தான் கத்துக்குவாங்க.”