இருவாச்சி வாய்க்குப் பக்கத்தில் ஒரு பொந்து

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு பெரிய மருதமரம் நின்றது. அதன் அடியில்தான் அந்தக் காட்டின் சந்தை நடந்தது. மரத்தின் உச்சியில் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்திருக்கும். காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நெல்லிக்காய்க் கூடை! விலை பத்துக் கிழங்கு!" என்று கூவும். யார் முதலில் ஓடிவந்து மரத்தைத் தட்டுகிறார்களோ, கூடை அவர்களுக்கு. அந்தக் காலத்தில் வேறு விதி எதுவும் கிடையாது.

கூடைகளை யாரும் தூக்கிக்கொண்டு அலையவும் வேண்டியதில்லை. எல்லாக் கூடைகளையும் பாறைக் குகையில் ஒரு கரடி காவல் காத்தது. கைமாறுவதெல்லாம் வாய்ப்பேச்சுதான். காலையில் வாங்கியதை, விலை கொஞ்சம் ஏறியதும் மதியத்தில் விற்றுவிடலாம். இடையில் நிற்கிற கிழங்கு லாபம்.

பூங்காவனம் என்கிற முயலுக்கு அந்த லாபத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. கணவனைப் பருந்து தூக்கிக்கொண்டு போனதிலிருந்து நாலு குட்டிகளையும் அவள் ஒருத்தியாகத்தான் வளர்த்து வந்தாள். கோடையில் புல்லெல்லாம் கருகிவிடும். கிழங்கு இருந்தால்தான் பிழைப்பு. நல்லவேளையாக, அவளைவிட வேகமாக ஓடுகிறவர் அந்தக் காட்டில் இல்லை. இருவாச்சியின் குரல், எல்லோரும் காத்து நிற்கிற சந்தை வேலிக்கு வெளியே வந்து சேரும்போதே அவள் பாதி தூரம் போயிருப்பாள்.

அவளுக்குப் பக்கத்தில் நிற்பவன் சுப்புராயன் என்ற கீரி. எப்போதும் இரண்டாவதாகத்தான் வருவான்.

"நீங்க ஓடினப்புறம் அடிக்கிற காத்துதான் எனக்கு மிச்சம், அக்கா" என்பான் சிரித்துக்கொண்டே. கோபமே கிடையாது. தோற்றால் எதனால் தோற்றோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் காலையில் பூங்காவனம் வழக்கம்போல் பாய்ந்துபோய் மரத்தைத் தட்டினாள்.

"விற்றாகிவிட்டது" என்றது ஒரு குரல். சந்தை நிர்வாகி ஏகாம்பரம். ஏகாம்பரம் ஒரு நாரை. ஒற்றைக்காலில் நின்றபடியே அலுவல் பார்ப்பார்.

"யாருக்கு?"

ஏகாம்பரம் அலகை மேலே தூக்கிக் காட்டினார். இருவாச்சி உட்கார்ந்திருந்த கிளைக்குச் சரியாகக் கீழே ஒரு பொந்து. அதற்குள்ளிருந்து நல்லமுத்து என்ற நத்தை இரண்டு கொம்பையும் மரப்பட்டையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரா? போன அமாவாசையன்னைக்கு ஆத்தங்கரையில பார்த்தேனே!"

"அன்றைக்குக் கிளம்பியவர்தான். நேற்று வந்து சேர்ந்தார்."

"ஒரு நத்தை என்னை முந்திடுச்சா?"

"அவர் ஓடவே இல்லையம்மா. இருவாச்சி செருமும்போதே அவருக்குக் கேட்டுவிடுகிறது. கொம்பால் பட்டையைத் தொடுகிறார், முடிந்தது." ஏகாம்பரம் காலை மாற்றி நின்றார். "இதற்கு அருகமைப் பொந்துச் சேவை என்று பெயர். வேகமாக ஓடுகிறவருக்கும் மெதுவாகப் போகிறவருக்கும் நடுவே இருக்கிற ஏற்றத்தாழ்வை ஒழிப்பதற்காக நிர்வாகம் கொண்டுவந்தது."

"அப்படின்னா நானும் பொந்துல உக்காரலாமா?"

"தாராளமாக. எந்தப் பாகுபாடும் கிடையாது. கட்டணம் கட்டுகிற எல்லோரும் இங்கே சமம்."

கட்டணம் என்னவென்று அவள் கேட்டாள். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். முழுப் பொந்துக்கு ஒரு வாடகை, அரைப் பொந்துக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல். உள்ளே உடம்புச் சூடு ஏறுமாதலால் வௌவால்கள் விசிறிவிடும், அதற்குத் தனி. மின்மினி வெளிச்சம் வேண்டுமென்றாலும் தனி, வேண்டாமென்றாலும் தனி. சொந்தப் பொந்தைப் பார்க்க வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். பொந்துக்குள் கொட்டாவி விட்டால் அபராதம், அந்த அதிர்வு பக்கத்துப் பொந்துக்காரரைப் பாதிக்கும்.

"பொந்து வேண்டாம்னு காலி பண்ணினா?"

"காலி செய்வதற்கும் கட்டணம் உண்டு. சின்னதுதான்."

பூங்காவனம் ரோஷக்காரி. சீ என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் இன்னும் வேகமாக ஓடினாள். விற்றாகிவிட்டது. அதற்கடுத்த நாள் மூச்சு முட்ட ஓடிப்போய் மரத்தில் மோதி விழுந்தாள். விற்றாகிவிட்டது. மேலே நத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் குட்டிகள் காய்ந்த வேரைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தன.

கடைசியில், மிச்சக் கோடைக்கென்று மண்ணுக்கடியில் புதைத்து வைத்திருந்த கிழங்கையெல்லாம் தோண்டி எடுத்தாள். ஏகாம்பரத்தின் காலடியில் கொட்டி அரைப் பொந்து பிடித்தாள். மறுபாதியில் ஏற்கெனவே ஒரு முள்ளம்பன்றி குடியிருந்தது. நல்ல மனசுக்காரர்தான், ஆனால் திரும்பிப் படுக்கும் பழக்கம் உள்ளவர்.

அப்படியும் நத்தையை முந்த முடியவில்லை. அதன் பொந்து மேலே, இவளுடையது கீழே. சத்தம் முதலில் அதற்குத்தான் எட்டியது. பூங்காவனம் நேரே ஏகாம்பரத்திடம் போனாள்.

"எல்லாரும் சமம்னீங்க. அவருக்கு முன்னாடி கேக்குது, எனக்குப் பின்னாடி கேக்குது. இது என்ன சமம்?"

ஏகாம்பரத்தின் முகம் வாடிவிட்டது. சமத்துவம் என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். உடனே நிர்வாகக் குழு கூடியது. இனிமேல் இருவாச்சியின் வாயிலிருந்து ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு குழல்கொடி போகும். சத்தம் அதன் வழியாக மட்டும்தான் வரவேண்டும். எல்லாக் கொடியும் ஒரே நீளம். காதில் வேறு சத்தம் விழாதபடி கொடியின் நுனியைக் காதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கொடிக் கட்டணம் தனி.

வாய்க்கு ஒட்டினாற்போல் இருந்த நத்தைக்குத்தான் சிரமம். அவ்வளவு நீளக் கொடியையும் சுருட்டிச் சுருட்டிப் பொந்துக்குள்ளேயே திணித்தார்கள். உட்கார இடமில்லாமல் நல்லமுத்து ஓட்டுக்குள் போய்விட்டது. பூங்காவனம் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சுப்புராயனும் இருந்ததையெல்லாம் விற்று ஒரு பொந்து பிடித்தான். பிறகு காட்டுப்பன்றி வந்தது, மான் வந்தது, உடும்பு வந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். முன்பு வேலிக்கு வெளியே சும்மா நின்றவர்கள் இப்போது பொந்துக்குள் வாடகை கட்டிக்கொண்டு நின்றார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் விலை மட்டும் ஏறியது. இவர் அவருக்கு விற்க, அவர் இன்னொருவருக்கு விற்க, பத்துக் கிழங்குக் கூடை நூறுக்குப் போனது. தின்பதற்காக நெல்லிக்காய் வாங்க யாரும் வருவதில்லை. பொந்துக்காரர்களே போதும் என்றாகிவிட்டது. சுப்புராயன் கண்ணெல்லாம் பளபளக்க, "அக்கா, கணக்குப் பார்த்தா நான் இப்ப பெரிய பணக்காரன்!" என்றான். அவன் விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் பூங்காவனத்தின் கடைக்குட்டிக்கு உடம்புக்கு வந்தது. ஈறெல்லாம் ரத்தம். எழுந்திருக்க முடியவில்லை. பச்சிலை வைத்தியம் பார்க்கிற ஆமைக் கிழவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்தெல்லாம் வேண்டாம். நாலு நாளைக்கு நெல்லிக்காய் கொடு, எந்திரிச்சு ஓடும்" என்றார்.

பூங்காவனத்துக்கு உயிர் வந்தது. அன்றைய வியாபாரத்தில் ஒரு நெல்லிக்காய்க் கூடை அவள் பேரில்தான் இருந்தது. குகைக்கு ஓடினாள்.

கரடி அவளை ஏற இறங்கப் பார்த்தது. "என்ன வேணும்?"

"என் கூடை."

"கூடையா?" கரடிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அதை எதுக்குக் கேக்கிறே? இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லையே!"

"என் கூடையை நான் கேக்கக் கூடாதா? புள்ளைக்கு உடம்பு சரியில்ல."

கரடி தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தது. குகைக்குள் கூடைகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பூங்காவனம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். காலி. அடுத்ததும் காலி. எல்லாமே காலி.

"கெட்டுப்போயிடுமேன்னு தின்னுட்டேன்" என்றது கரடி.

"எப்போ?"

"வந்த அன்னைக்கே."

அவள் அங்கிருந்து மருதமரத்துக்கு ஓடிய ஓட்டம் அவள் வாழ்நாளில் ஓடாத ஓட்டம். அடிமரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "கூடையெல்லாம் காலி! கேளுங்க! ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல!"

ஒரு பொந்திலும் அசைவில்லை. எல்லோருடைய காதும் கொடியோடு கட்டியிருந்தது. சுப்புராயன் மட்டும் கீழே பார்த்தான். அவள் வாய் அசைவதைக் கண்டு சிரித்துக் கையாட்டினான்.

ஏகாம்பரம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறவில்லை. "முக்கியமான தகவல்தான். ஆனால் கீழிருந்து கத்தினால் அது வெறும் சத்தம். கொடி வழியாக வந்தால்தான் தகவல். கரடியை விசாரித்து நாளைக் காலையில் இருவாச்சி மூலமாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்போம். ஒருவருக்கு முன்னால் இன்னொருவருக்குத் தெரிந்துவிடக் கூடாது பாருங்கள்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சந்தை வழக்கம்போல் நடக்கும்."

பூங்காவனம் தளர்ந்துபோய் நடந்தாள். பிள்ளை முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மருதமரத்தின் வேர் முட்டில் கால் தடுக்கியபோது, தலைக்கு மேலே மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அம்மணி, கொஞ்சம் நில்லுங்க."

நல்லமுத்து. ஓட்டுக்குள்ளே தலையை இழுத்தபோது அதன் கொடி எப்போதோ கழன்றுவிட்டிருந்தது. அந்த மரத்தில் வெளிச்சத்தம் கேட்கக்கூடியவர் அது ஒன்றுதான்.

"என்னமோ கத்தினீங்களே, முழுசாக் காதுல விழல. குகையில என்னங்க பார்த்தீங்க?"

பூங்காவனம் வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். இவ்வளவு நேரம் அதே உண்மையை இலவசமாகக் கத்திக்கொண்டிருந்தோம், ஒருவரும் வாங்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு எல்லாருக்கும் சொல்வாங்க, அண்ணே. காத்திருங்க."

"இன்னைக்கே தெரிஞ்சாத் தேவலைங்க."

"இன்னைக்குன்னா வாடகை ஆகும்."

"எதுக்குங்க வாடகை?"

"என் வாய்க்குப் பக்கத்துல இடம் வேணும்ல?"

நத்தை கொம்பை நீட்டி அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தது. "எங்கிட்ட இருக்கிற கிழங்குல பாதி எடுத்துக்குங்க. நான் கிழங்கு தின்கிறவன் இல்லீங்க."

"கிழங்கு சரி. எனக்கு நெல்லிக்காய் வேணும். நிசமான நெல்லிக்காய்."

"அதுக்கென்னங்க? ஆத்தங்கரையில ரெட்டைப் பாறைக்குப் பின்னால ஒரு நெல்லிமரம் காய்ச்சுத் தொங்குது. கேக்க ஆளில்ல. நான் மெதுவா வந்தவன், வழியில இருக்கறதெல்லாம் பார்த்துட்டுத்தானே வந்தேன். நீங்க தெனமும் அது பக்கமாத்தான் ஓடுவீங்க."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேலே ஏறிப் போய் அதன் கொம்புக்குப் பக்கத்தில் வாயை வைத்து நாலு வார்த்தை சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் நல்லமுத்து தன்னிடமிருந்த அத்தனை கூடைகளையும் விற்றுத் தீர்த்தது. அவளுடைய ஒரு கூடையையும் சேர்த்தே தள்ளிவிட்டது. பெரும்பாலானவற்றை வாங்கியவன் சுப்புராயன். நத்தையே விற்கிறதென்றால் அதற்கு வயதாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

காலையில் இருவாச்சி தொண்டையைச் செருமியது. "கூடைகள் காலி!" என்று கூவியது. விதிப்படி எல்லோருக்கும் சரியாக ஒரே நேரத்தில் கேட்டது. பன்றி மயங்கி விழுந்தது. முள்ளம்பன்றி திரும்பிப் படுத்தது. பொந்து காலி செய்கிற கட்டணத்தை வசூலிக்க ஏகாம்பரம் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டியதாயிற்று.

சுப்புராயன் அழுதுகொண்டே பூங்காவனத்தின் வளைக்கு வந்தான். உள்ளே கடைக்குட்டி நெல்லிக்காயைக் கடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கத்தினேனே, தம்பி. நீதான் கையாட்டினே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கை நெல்லிக்காயை அள்ளி அவனிடம் கொடுத்தாள். பசியில் அவன் மடமடவென்று தின்றான். தின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"அடுத்த தடவை ஏதாவது தெரிஞ்சா எனக்கு முதல்ல சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"நத்தையண்ணனுக்கு முன்னாடியா?"

பூங்காவனம் பதில் சொல்வதற்குள் அவனுக்குப் பின்னால் மான் வந்து நின்றது. மானுக்குப் பின்னால் உடும்பு. மயக்கம் தெளிந்த பன்றியும் வந்து வரிசையில் நின்றது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது, ஆனால் யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. எல்லோர் கையிலும் கடைசிக் கிழங்கு இருந்தது. ஏகாம்பரம் ஒரு கொடியைக் கொண்டுவந்து, அவளுடைய வாய்க்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை அளக்க ஆரம்பித்தார்.

பூங்காவனம் குட்டியைப் பார்த்தாள். அது எழுந்து உட்கார்ந்திருந்தது.

"தம்பி, வலது பக்க இடத்தை நத்தையண்ணன் எடுத்துட்டாரு" என்றாள் மெதுவாக. "இடது பக்கம் இருக்கு. தெரிஞ்சவன்கிறதால கொட்டாவிக்கு மட்டும் தள்ளுபடி பண்ணச் சொல்றேன்."

நீதி: உண்மையை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லாதே, ஒருவருக்கும் கேட்காது, ஒருவர் காதில் மட்டும் சொல், ஊரே வாடகை கட்டிக் கேட்கும்.