பிரேதத்தை வைத்துக்கொண்டு கேட்ட மன்னிப்பு

மேடையில் நன்றாகப் பேசுகிறவனைப் பெற்ற வீட்டுக்கு நிம்மதி கிடையாது. பண்டத்தரிப்பில் எங்கள் வீடு அதற்குச் சாட்சி.

எல்லாருக்கும் வாக்குரிமை வந்த புதுசு. வாலிபர் சங்கத்தின் பிரதான பேச்சாளன் நான் (கேட்க வந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள்தான் அதிகம்). சாதி ஒழியச் சமபந்திப் போசனம் வைத்தோம். மரமேறும் வேலனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். கை கழுவின கையோடு மேடையேறி, இப்படிச் சாப்பிடாதவர்கள் எல்லாரும் நாட்டிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று முழங்கினேன். வேலன் கை தட்டினான்.

ஊர் கொதித்தது. கோட்டில் வழக்குப் பார்க்கிறவரும் தேர்தலுக்கு நிற்க இருந்தவருமான புரொக்டர் செல்லையா எல்லாரையும்விடக் கூடக் கொதித்தார். எங்கள் வீட்டுக்குத் துணி வெளுக்கும் கட்டாடியும் நாவிதரும் வராமல் மறித்துவிட்டார்கள். அழுக்கு வேட்டியும் தாடியுமாகத் தியாகி மாதிரித் திரிந்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அடுத்த மாதம் என் தகப்பனார் செத்துப்போனார்.

கட்டாடி வந்து வெள்ளைத் துணி கட்டாமல் எங்கள் ஊரில் பாடை எழும்பாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அழுதா. புரொக்டர் வந்து, முற்றத்தில் சனம் கேட்க மன்னிப்புக் கேட்டால் எல்லாம் நடக்கும் என்றார்.

“யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால், என் மனம் அதைவிடப் புண்படுகிறது” என்று தொடங்கினேன். தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஐயாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பேசினேன். பின்னுக்கு நின்ற ஒருவர் பழக்கதோஷத்தில் கை தட்டியும் விட்டார்.

புரொக்டருக்கு அது காணாது. “தம்பி, பேச்சு நல்லம். வேலனோடை இருந்து சாப்பிட்டது பிழையெண்டு சொல்லும்.”

செத்த வீட்டுக்கு வந்த வேலன் வேலிக்கு வெளியே நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பழையபடி இடுப்பில் கட்டிக்கொண்டு போனான். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொழுதுபட முன் ஐயாவை எடுத்தோம். தேர்தல் நெருங்க, புரொக்டரும் வேலனின் ஆட்களோடு பந்தியில் இருந்து சாப்பிட்டு, கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். என்னுடைய வசனம்தான். வென்றும் விட்டார். வேலன் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் இனசனத்தில் யாருக்காவது வருத்தம் கடுமையாகிப் படுத்துவிட்டால், வைத்தியம் பார்க்கிற பரியாரிக்கு முதல் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். போன வருசம் படுக்கையில் கிடந்த மாமி சொல்லி அனுப்பினா: “நான் போய்ச் சேருமட்டும் உவனை ஒரு கூட்டத்திலையும் கதைக்க விடாதேங்கோ.”