ஞானாபரணம் ஐயரை வழியனுப்பிய கதை

லாரியில் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பீரோவை மறுபடியும் கீழே இறக்க வேண்டியதாகிவிட்டது. எல்லாம் ரூபனின் வாயால் வந்த வினை.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன லுத்தரன் சபைக்கு ரூபன்தான் செயலாளர். பிழைப்புக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. லுத்தரன் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பூணூலைத் தேடிப் பிரயோஜனமில்லை. ஆறு வருஷமாக அங்கே இருந்த ஞானாபரணம் ஐயர் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர். அவருடைய பிரசங்கம் ஒன்றரை மணி நேரம். அதைக்கூட மன்னித்துவிடலாம், முதுகு நிமிர்ந்தபடியே தூங்குவதற்குச் சபை பழகியிருந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உதாரணம் ஒன்று சொன்னார்.

"சிலருடைய விசுவாசம் நம்ம ரூபன் காயில் கட்டின மோட்டார் மாதிரி. சத்தம் வரும், புகை வரும், தண்ணீர் மட்டும் வராது."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். அந்த வாரமே தோட்டத்துக்காரர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

ரூபன் தலைமை அலுவலகத்துக்குப் பஸ் ஏறினான். "இத்தனை பெரிய பிரசங்கியாரை எங்க பட்டிக்காட்டுல வெச்சு வீணடிக்கறீங்களேங்க" என்று பேராயர் முன்னால் கண் கலங்கினான். கண்ணீர் நிஜம், காரணம்தான் வேறு. அடுத்த மே மாதம் மாற்றல் உத்தரவு வந்தது.

வழியனுப்பு விழாவில் மாலை, சால்வை, பிரஷர் குக்கர் எல்லாம் முறைப்படி நடந்தன. நன்றியுரை சொல்ல ரூபன் எழுந்தான். கிளம்புகிற விருந்தாளியை இருக்கச் சொல்லித் தடுக்காவிட்டால் அந்த ஊரில் அது பெரிய அவமரியாதை. வீட்டுக்காரர் தடுக்க வேண்டும், விருந்தாளி மறுக்க வேண்டும், பிறகு இருவரும் மனநிறைவோடு பிரிய வேண்டும். பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த நடைமுறை.

"ஏனுங்கய்யா, அதுக்குள்ள போகோணுங்களா? எங்களை உட்டுப்போட்டுப் போறதுக்கு உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

ஆராதனையில் ஐயர் சொல்லச் சொல்லச் சேர்ந்து பதில் சொல்லிப் பழகிய சபை, "போகாதீங்கய்யா" என்று ஒரே குரலில் முடித்து வைத்தது.

ஞானாபரணம் ஐயர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க இவ்வளவு சொன்னப்புறம் நான் எப்படிப் போவேன்? புதுப் போதகர் வந்து சபை பழகுற வரைக்கும் இருக்கேன்."

ஐயரம்மாவின் கையில் இருந்த வயர் கூடை நழுவிக் கீழே விழுந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று ரூபன் நினைத்துக்கொண்டான்.

வாசலில் லாரிக்காரர் கரீம் தலையைச் சொறிந்தார். "என்னுங்கண்ணா, இறக்கிப்போடட்டுங்களா?"

"இறக்குங்க கரீம் அண்ணா" என்றான் ரூபன், பல்லைக் கடித்துக்கொண்டு. "கடற்கரைக்காரருக்கு நம்ம மரியாதையே புரியலீங்க."

புது ஐயர் தேவகடாட்சம் குறித்த நாளில் வந்து இறங்கினார். கூடவே மனைவி, நாலு பிள்ளைகள், ஒரு ஆர்மோனியம். ஐயருக்கென்று சபை கட்டிய குருமனையில் பழைய ஐயர் இருக்கிறார். என்ன செய்வது என்று சபைக் கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"அதுக்கென்னுங்க, நம்மூடு இருக்குதுங்களே" என்றது ஒரு குரல். யாரடா இந்த மடையன் என்று ரூபன் திரும்பிப் பார்த்தான். அவனேதான்.

இரண்டு அறை வீடு. கட்டில் புது ஐயருக்கு, சமையல்கட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் பாய் ரூபனுக்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆர்மோனியத்தோடு ஞானப்பாட்டு. பாடல்கள் எல்லாம் ஜெர்மன் ராகம். பாடியது எல்லாம் தேவகடாட்சம் ஐயரின் சொந்த ராகம். பத்து நாள் பொறுத்தாள் ரூபனின் மனைவி அன்புச்செல்வி. பதினோராம் நாள் பையை எடுத்துக்கொண்டாள்.

"இது ஊடா, சத்திரமா? நான் அந்தியூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. ஊடு காலியாச்சுன்னா போன் பண்ணுங்க, வாரேன்."

"எப்ப காலியாகும்னு எனக்கு எப்படி அம்மணி தெரியும்?"

"இருக்கச் சொன்ன வாய்தானுங்களே, போகச் சொல்லுங்க."

சொல்வது சுலபம். ரூபன் குருமனைக்குப் போய் அரைமணி நேரம் மழை, மாங்காய் விலை எல்லாம் பேசினான். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

"ஐயா, இந்த ஊடு உங்களுக்குச் சௌகரியமே இல்லீங்க. ஓடெல்லாம் ஒழுகுது. செவுரு பூரா ஈரம். எப்படித்தான் இருக்கறீங்களோ, எங்களுக்கே சங்கட்டமா இருக்குதுங்க."

ஐயர் பெருமூச்சு விட்டார். "என்ன செய்யிறது தம்பி, உங்க அன்புக்காக இருக்கேன்."

அதை மாரியாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதர் சங்கத் தலைவி. அவள் காதில் விழுந்த எதுவும் சும்மா இருந்ததில்லை. "செக்ரட்டரியே மனசொடஞ்சு போயிட்டாருங்க, ஐயரு நனையறாருங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். அடுத்த வாரம் குருமனைக்குப் புது ஓடு, புது வெள்ளை, ஒரு மின்விசிறி. தண்ணீர் மோட்டார் மட்டும் எதிர்க்கடையில் வாங்கினார்கள்.

ரூபன் அசரவில்லை. கமிட்டியைக் கூட்டினான். "முதல் விழாவுல முறையா ஜெபம் பண்ணி அனுப்பலீங்க. அது குறைதானுங்களே? இன்னொரு வாட்டி வெச்சுப்போடுவோம். ஆனா ஒண்ணு, எவரும் வாயைத் தெறக்கக்கூடாது. அழுவறவங்க சத்தமில்லாம அழுவோணும்."

இரண்டாவது வழியனுப்பு விழா கச்சிதமாக நடந்தது. கரீமின் லாரியில் பீரோ மறுபடி ஏறியது. சபை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. ஞானாபரணம் ஐயர் எல்லாருக்கும் கும்பிடு போட்டபடி விறுவிறுவென்று வாசல்படி வரை வந்துவிட்டார். ஐயரம்மா அதற்குள் லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தே விட்டாள்.

மாரியாத்தாளுக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதர் வாசல்படி தாண்டுகிறார், யாருமே தடுக்கவில்லை. இது என்ன ஊரா, காடா?

"ஏனுங்கய்யா, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டாச்சும் போலாமில்லீங்களா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்னாலேயே சபை முழுக்க அழுதது. இத்தனை பேர் அழும்போது செயலாளர் சும்மா நின்றால் நன்றாக இருக்குமா? ரூபனும் "இருங்கய்யா" என்று சொல்லித் தொலைத்தான்.

கரீம் யாரையும் கேட்காமலே கயிற்றை அவிழ்த்தார்.

அப்புறம் ரூபன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தலைமை அலுவலகத்திடம் போனில் அழுதான். அவர்கள் ஒரு நிபுணரை அனுப்பினார்கள். மறைதிரு டாக்டர் பாக்கியநாதன். ஒரு போதகர் போய் இன்னொரு போதகர் வரும் இடைவெளியில் சபையை எப்படி நடத்திச் செல்வது என்பதை ஜெர்மனிக்கே போய்ப் படித்தவர். அவர் எங்கே தங்கினார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரைண்டருக்குப் பக்கத்துப் பாயும் போய், ரூபன் கடையில் காயில் கம்பிகளுக்கு நடுவே படுத்தான்.

டாக்டர் சபையைக் கூட்டினார். "போதகர் மாற்றம் என்பது ஒரு சின்ன மரணம். மனசுல அடக்கி வச்சிருக்கிற கசப்பையெல்லாம் வெளியே கொட்டுங்க. பழைய போதகர்கிட்ட உங்களுக்கு என்ன குறை?"

"குறையா? தங்கமான மனுசருங்க."

"பிரசங்கம்?"

"இன்னும் சித்தெ நேரம் பண்ணலாமுங்க" என்றார் ஞாயிறுதோறும் முதல் ஆளாகத் தூங்குபவர்.

டாக்டர் ரூபன் பக்கம் திரும்பினார். எல்லாரும் பார்த்தார்கள். மோட்டார், புகை, எதிர்க்கடை எல்லாம் ரூபனின் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தன.

"சொக்கத் தங்கமுங்க" என்றான்.

அன்று மாலை டாக்டர் அவனைத் தனியாக அழைத்தார். "இந்தச் சபை பிரிவுக்குத் தயாராகலை. மாற்றலை ரத்து பண்ணச் சொல்லி எழுதப்போறேன். ஞானாபரணம் இன்னும் மூணு வருஷம் இருக்கட்டும். தேவகடாட்சத்துக்கு வேற ஊர் கொடுத்துடலாம். செயலாளர் கையெழுத்து வேணும்."

"புது ஐயரு எப்பங்க கிளம்புவாரு?"

"உத்தரவு வந்த அன்னைக்கே. நானும்தான்."

மூன்று வருஷப் பிரசங்கம் ஒரு தட்டில். கட்டிலும் அன்புச்செல்வியும் ஒரு தட்டில். முதுகில் குத்திய காயில் கம்பியை நினைத்துக்கொண்டு ரூபன் கையெழுத்துப் போட்டான்.

உத்தரவு ரூபன் பெயருக்கு வந்தது. குருமனைக்கு அவன் இன்னும் சேதி சொல்லவில்லை. தேவகடாட்சம் ஐயர் ஆர்மோனியத்தோடு கிளம்பினார். ரூபன் வாயைத் திறக்கவே இல்லை. திறக்காமல் இருக்க வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தான். டாக்டரும் போனார். அந்தியூருக்குப் போன் போட்டாயிற்று.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, உத்தரவை எடுத்துக்கொண்டு குருமனைக்குப் போனான். எப்படியும் மூன்று வருஷம் இவரோடுதான், முதல் ஆளாகச் சொன்னால் மோட்டார் உதாரணத்தையாவது நிறுத்துவார் என்று கணக்கு.

கதவு திறந்தே இருந்தது. ஐயர் அங்கி, செருப்போடு தயாராக நின்றார். ஐயரம்மா கையில் வயர் கூடை. ரூபனைப் பார்த்ததும் இருவரும் திருடர்கள் மாதிரி விழித்தார்கள்.

"ஐயா, இனி நீங்க எங்கீமே போக வேண்டாமுங்க! மாத்தல் ரத்து. இன்னும் மூணு வருசம் எங்களோடதான். நானே முன்னால நின்னு கையெழுத்துப் போட்டனுங்க!"

ஐயர் உத்தரவை வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு கட்டி வைத்திருந்த மெத்தை மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"கர்த்தருடைய சித்தம்" என்றார். ஐயரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

இவ்வளவு பாசமா என்று ரூபனுக்கே நெஞ்சு இளகிவிட்டது. வெளியே வந்தபோது, பின்பக்கச் சுவரோரம், விளக்கைப் போடாமல் கரீமின் லாரி நின்றது. பீரோ ஏற்கெனவே ஏறியிருந்தது.

கரீம் தலையை வெளியே நீட்டிக் கிசுகிசுத்தார். "அட, நீங்களாண்ணா? போச்சு போங்க! 'ரூபன் கடை தெறக்கறதுக்குள்ள ஊரு எல்லையைத் தாண்டிப்போடோணும் கரீமு, அவரு கண்ணுல பட்டமுன்னா மறுக்காவும் இருக்கச் சொல்லிப்போடுவாரு, எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வராது'ன்னு சொல்லித்தானுங்க ஐயரு என்னை இந்நேரத்துக்கு வரச் சொன்னாரு!"