அலோ பாயும் இரட்டை அலைச் சுருளும்

திண்டுக்கல்லில் அலோ பாயின் குரல் நுழையாத வீடே கிடையாது. ரேடியோ வைத்திருந்த அத்தனை வீட்டிலும் நாதஸ்வரத்துக்கு நடுவே, செய்திக்கு நடுவே, "அலோ, அலோ" என்று வந்து நிற்பார். தோல் மண்டிக்காரர் மகன். அரசாங்க லைசென்ஸ் வாங்கி, தானே செய்த கருவியில் உலகத்தோடு பேசுகிறவர். மண்டியில் உட்காரச் சொன்னால் மட்டும் பேச்சே வராது.

அவர் வீட்டு மாடியறையில் நான் குடியிருந்தேன். பகலில் பஸ் கம்பெனிக் குமாஸ்தா. மாலையில் பாய்க்குப் பல்பு பார்க்கிறவன். கண்டம் தாண்டிப் பேச அவருக்கு இருபது மீட்டர் அலை. கொழும்பு, பெங்களூர் நண்பர்களுக்கு நாற்பது மீட்டர். மாடியில் இருந்ததோ ஒரே ஏரியல் கம்பி. கருவியையும் கம்பியையும் இணங்க வைக்க நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது வெறும் செம்புக்கம்பிச் சுருள்தான். ஓர் அலைக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. அனுப்பிய சக்தி கம்பியில் ஏறாமல் திரும்பி வந்து, கருவிக்குள் வால்வ் என்ற கண்ணாடிக் குழல் கோபத்தில் சிவந்துவிடும்.

"ரெண்டுக்கும் ஒத்துப்போற மாதிரி ஒண்ணு சுத்திட்டேன்னா போதும் சார்…" என்று கண்ணை மூடிக்கொள்வார். அதற்குள் எந்தக் கடற்கரைக்குப் போய்விட்டாரோ, திரும்பி வர அரைமணி ஆகும்.

மூங்கிலில் சுற்றினார். சோடா பாட்டிலில் சுற்றினார். தங்கையின் பவுடர் டப்பாவை எடுத்தார்; தகரம் உதவாது என்பது பவுடரைக் கொட்டிய பிறகுதான் நினைவு வந்தது. ஏரியலில் ஒரு டார்ச் பல்பு. சக்தி ஏறினால் எரியும். கீழிருந்து அவர் "எரியுதா?" என்று கத்த, மேலிருந்து நான் "மங்குது பாய்!" என்பேன். முதல் நாள் தெருவே குடத்தில் தண்ணீரோடு ஓடிவந்தது.

பாய்க்குப் பெண் பார்க்க ஆத்தூர் போனோம். எங்களோடு வந்த பெண்கள் உள்ளே போனார்கள்; நாங்கள் இரண்டு தென்னைகள் நின்ற முற்றத்தில். "மாப்பிள்ளை என்ன சொல்றீக?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"தென்னை ரெண்டும் என்னா உயரம்! நடுவுல கம்பி கட்டுனா உலகமே கேக்கும். எனக்குச் சம்மதம்!"

உள்ளேயிருந்து பெண் மைமூன் தன் அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள்: "அம்புட்டு ஆசைன்னா மரத்தை வெட்டி வண்டியில ஏத்திவிடுங்கத்தா!"

பாய் பதறி எழுந்தார். "ஐயோ, வெட்டிராதீக!"

சம்பந்தம் அதோடு முறிந்தது.

அப்புறம் "அலோ" நின்றுபோனது. நாதஸ்வரம் தடங்கலின்றி வந்ததில் தெருவுக்கு நிம்மதியில்லை. "பாய்க்கு மேலுக்கு முடியலையா?" என்று என்னிடம் விசாரித்தார்கள். அவரோ மலைக்கோட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மரத்தைப் பாத்தது தப்புத்தான் சார். ஆனா அந்தக் குரல்! எம்புட்டுத் தெளிவு! ஒரு இரைச்சல் இல்ல."

மறுபடி சுருள் சுற்றத் தொடங்கினார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் வேலை முடிந்து வந்தேன். தெருவில் ஒரு ஜட்கா நின்றது. வேறொரு சம்பந்தத்துக்காக மைமூனுக்குப் புடவை எடுக்க வந்த அவளுடைய அப்பா, சோடா குடிக்க இறங்கியிருந்தார். நான் மாடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பாய் வீட்டுக்குள்ளிருந்து கத்தினார்: "எரியுதா?"

நான் வாய் திறப்பதற்குள், ஜட்காவின் படுதாவை விலக்கி மாடிப் பல்பைப் பார்த்தபடி மைமூன் பதில் சொன்னாள்: "எரியலை!"

உள்ளே ஏதோ கைதவறி விழுந்து உருண்டது. பிறகு, மெதுவாக: "இப்ப?"

"லேசா எரியுது!"

"இப்ப?"

"நல்லா எரியுது!"

"இருங்க, அடுத்த அலைக்கு மாத்துறேன்… இப்ப?"

"அதே வெளிச்சந்தான்!"

பாய் வெறுங்காலோடு ஓடிவந்து ஜட்காவின் முன் நின்றார். பல்பையும் படுதாவையும் மாறி மாறிப் பார்த்தார். படுதாவை இழுத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "மரம் ரெண்டும் நிக்குது. அத்தா வெட்டலை."

புடவை எடுத்தார்கள், மாப்பிள்ளைதான் மாறிவிட்டார்.

பிறகு நான் வேலை மாறி வேறு ஊர் போனேன். ஒரு மழை மாலையில் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தபோது, கடல் போன்ற இரைச்சலுக்கு அடியில் பாயின் குரல். யாரையோ "கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெண்குரல், "டீ ஆறுது" என்றது. என்னிடம் இருந்தது கேட்க மட்டுமே தெரிந்த பெட்டி. ஆனாலும் அதன் அருகில் குனிந்து சொன்னேன்:

"கேக்குது பாய். நல்லா கேக்குது."