கன்னி மூலையில் ஒரு குசினி

செயின்ட்-மிஷேல், மொன்ட்ரியால்
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் சிவபாதத்துக்கு,

நானும் உமது அக்கா செல்வமலரும் நல்ல சுகம். உமது சுகத்துக்கும், கோண்டாவிலில் நீர் முன்னின்று கட்டுவிக்கும் எங்கள் வீட்டின் சுகத்துக்கும் நல்லூரானை வேண்டுகிறேன். வீட்டுக்குத்தான் கூடுதலாக வேண்டவேண்டியிருக்கிறது.

நீர் அனுப்பிய முப்பரிமாண வரைபடத்தைத் தலையில் மாட்டும் கண்ணாடிக்குள் போட்டால், வீட்டுக்குள் நடந்தே பார்க்கலாம் என்றாள் மகள் சாம்பவி. யாரோ பாவித்த கண்ணாடி ஒன்று வாங்கினோம். அதைச் செய்தவர்களின் மென்பொருள் அவளுடைய லினக்ஸ் கணினியில் ஏறாதாம். கணினியை மாற்று என்றேன். "அப்பா, கொள்கை எண்டு ஒண்டு இருக்கு. ஆக்கள் சும்மா எழுதித் தாற டிரைவர் இருக்கு" என்றாள். கண்ணாடியையும் கணினியையும் கதைக்கவைக்கும் நிரலுக்கு அப்படிப் பெயர். சம்பளம் வாங்காதவர்கள் எழுதியது என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. முதல் நாள் ஒரு கண்ணில் மட்டும் வீடு தெரிந்தது. இரண்டாம் நாள் தரை மேலேறி, விறாந்தையில் நெஞ்சளவு புதைந்து நின்றேன். மூன்றாம் நாள் நான் திரும்ப வீடும் கூடவே திரும்பி, நான் தடுமாறி மோதியதில் உமது அக்காவின் இடியப்பத் தட்டுகள் ஆறும் சரிந்தன. "ஊர் வீட்டைப் பாக்கிற மனுசன் இஞ்ச இருக்கிறதையும் பாக்கவேணும்" என்றாள் அவள். சாம்பவி அந்த டிரைவரை எழுதியவர்களில் முகம் தெரியாத யாரோ ஒருவருடன் எழுத்திலேயே சண்டைபிடித்து ஒரு வரியைத் திருத்தினாள். நேற்று எல்லாம் சரியானது.

சரியான பிறகுதான் பிழை தெரிந்தது. வரைபடத்தின் கிழக்கை எங்கள் வரவேற்பறையின் கிழக்கோடு சாம்பவி திசைகாட்டி வைத்துப் பொருத்தியிருந்தாள். நான் கிழக்குப் பார்த்து நின்றேன். எது கிழக்கு என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. முப்பத்தொரு வருடமாக எங்கள் தெருவால் போகும் பஸ்ஸின் நெற்றியில் 'எஸ்ட்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது, சாமிப் படங்களும் அந்தப் பக்கம்தான் பார்க்கின்றன. பார்த்தால், தென்கிழக்கில் இருக்கவேண்டிய குசினி எனக்கு வலப்பக்கம் பின்னால் கிடக்கிறது. தென்மேற்கில், கன்னி மூலையில் அடுப்பு! கடைசிக் காலத்தில் நாங்கள் வந்து இருக்கப்போகும் வீடு, மச்சான். உம்மை நம்பித்தானே விட்டோம்? மனம் விட்டுப்போயிற்று. மேசனுக்கு நேற்றே போன் எடுத்து, திங்கள் காலை ஏழு மணிக்குக் குசினிச் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டேன். நீர் மறிக்கக்கூடாது. வரைபடத்தை விரித்துக்கொண்டு வாதாடவும் வேண்டாம். கடதாசியில் எதையும் கீறலாம், நான் உள்ளே நின்று பார்த்தவன்.

நல்லூரான் உம்மையும் பிள்ளைகளையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். உமக்குக் கொஞ்சம் திசையறிவும் கொடுக்கட்டும்.

மனவருத்தத்துடன்,
அத்தான் நகுலேஸ்வரன்

பி.கு.: இதை அனுப்பப்போகும் நேரம் யன்னலால் பார்த்தேன். என்னுடைய வடக்கில் சூரியன் மறைந்துகொண்டிருக்கிறது. சாம்பவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பா, மொன்ட்ரியால்ல கிழக்கு எண்டுறது ஆறு ஓடுற பக்கம். உண்மையில அது வடக்குப் பக்கமாத்தான் போகுது. எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். வடக்கைப் பார்த்து நின்றுகொண்டு கிழக்கு என்று நினைத்தவன் நான்தான். டிரைவரிலும் பிழையில்லை, உம்மிலும் பிழையில்லை, குசினி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மேசன் போன் எடுக்கவில்லை, நீரும் எடுக்கவில்லை. அங்கே இப்போது காலை ஆறு மணி. இதைக் கண்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடும். மேசன் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று போன மாதம் குறைப்பட்டேன் அல்லவா? இன்றைக்கும் அவர் பிந்தி வரவேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன் என்று மட்டும் கேளாதேயும்.