ஒரு வாரத்துக்கு வந்த டிவி

டிவி வாசற்படியில் சிக்கிக்கொண்டது.

"கதவைக் கழட்டினாத்தாண்ணே உள்ள போவும்," என்றான் கடை லோரிக்காரன் அழகேசன். பெட்டியின் ஒரு மூலை அவன் தோளில் இருந்தது.

"அப்ப வேணாம். வாசல்லயே குறை தெரிஞ்சுபோச்சு. லோரியில ஏத்து," என்றார் வீட்டுக்காரர் இஞ்ஞாசிமுத்து, உற்சாகமாக.

அதற்குள் பக்கத்து வீட்டு மோரிஸ் திருப்புளியோடு வந்துவிட்டான். ஒயரிங் வேலைக்காரன். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால் கூப்பிடாமலே வருவான். கதவு கழன்று சுவரில் சாய்ந்தது. இருபத்தாறு அங்குலக் கலர் டிவி, மரப் பெட்டியும் இழுப்புக் கதவுமாக, திகாம் பத்து ஊரின் அந்தப் பலகை வீட்டுக்குள் மாப்பிள்ளைபோல நுழைந்தது.

சுங்கைப் பட்டாணி டவுனில் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கேயின் ஏற்பாடு அது. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். மனைவி கேதரின் ஆசையாகக் கேட்டபோது, "ஒரு குறையும் இல்லன்னா வாங்கிடலாம்," என்று இஞ்ஞாசிமுத்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

குறை இருந்தே ஆகவேண்டும். அந்தப் பணம் புது மோட்டார் சைக்கிளுக்காக நாலு வருஷமாகச் சேர்த்தது. பழைய வண்டி இரண்டு பேர் தள்ளினால்தான் கிளம்பும். ரப்பர் ஆலை ஆபீசில் கணக்கெழுதும் அவருக்குத் 'தள்ளுவண்டிக் கிராணி' என்றே பெயர்.

முதல் நாள் மாலை படம் முழுக்கப் பஞ்சு பறந்தது. இஞ்ஞாசிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாத்தியா? ஆளா மரமான்னே தெரியல. திருப்பிடுவோம்."

"சரிங்க," என்றாள் கேதரின். கொஞ்சம் பொறுத்து, "மோரிஸ் தம்பிய ஒரு வார்த்த கேட்டுக்குவோமே. கடையில என்ன குறைன்னு கேட்டா பதில் சொல்லணும்ல?"

மோரிஸ் கூரைமேல் ஏறினான்.

"ஏரியல் உயரம் பத்தலண்ணே. ஒசத்திடலாம்லா. ஆனா தகரமெல்லாம் துருவேறிக் கெடக்கு, கால வச்சா..."

சொல்லி முடிக்குமுன் அவனுடைய வலது கால் ஹாலுக்குள் தொங்கியது.

கூரையை அப்படியே விட முடியுமா? புதுத் தகரம் வந்தது. இரண்டு மாலைகள் மோரிஸ் அடித்தான், இஞ்ஞாசிமுத்து ஏணியைப் பிடித்தார். ஏரியல் உயர்ந்தது. செய்தி வாசிப்பவரின் கழுத்துப்பட்டியில் எத்தனை பூ என்று எண்ணலாம்போல் இருந்தது படம்.

"கண்ணு எரியுது கேதரின்," என்றார் அவர். "இவ்ளோ பெரிய டிவிய இவ்ளோ கிட்டத்துல பாத்தா குருடாயிடுவோம். வீடு சின்னது, டிவி பெருசு. யாரு மேலயும் தப்பில்ல. திருப்பிடுவோம்."

"உங்க கண்ணத்தாங்க மொதல்ல பாக்கணும். தள்ளி ஒக்காந்தாலும் எரியுதான்னு மட்டும் பாத்துடலாமா?"

தள்ளி உட்கார இடமில்லை. முதுகுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம் சாமான் அறை. மோரிஸ் தடுப்பைத் தட்டிப் பார்த்தான்.

"சும்மா நிக்குதுண்ணே. நாலு ஆணிதான்."

"வீடு விழுந்துடும்டா."

"டிவி மேல விழாது. நான் பாத்துக்கறேன்."

தடுப்பு போனது. ஹால் இரண்டு மடங்கானது. பதினைந்தடி தள்ளி நாற்காலியைப் போட்டு, கண் எரிவதற்காகக் காத்திருந்தார் இஞ்ஞாசிமுத்து. திரையில் ஒருவன் வாழைத்தோல் வழுக்கி விழுந்தான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். குறை சொல்ல வந்தவர் சிரித்தால் வழக்கு நிற்குமா?

கடைசியாக ஒன்று கிடைத்தது. சாமான் அறைச் சுவரின் பச்சைப் பெயிண்டு கண்ணாடித் திரையில் எதிரொளித்தது.

"எல்லார் மூஞ்சியும் பச்சையா இருக்கு. காமாலை வந்தவங்க மாதிரி."

"காமாலைன்னா மஞ்சளால்ல இருக்கும்ணே," என்றான் மோரிஸ், பெயிண்டு டின்னைத் திறந்துகொண்டே.

சனிக்கிழமைக்குள் வீடு முழுக்க வெண்ணெய் நிறமானது. குறை மட்டும் அகப்படவில்லை. லோரி வந்து நின்ற சத்தம் கேட்டதும் இஞ்ஞாசிமுத்து அலமாரியைத் திறந்து, தூக்கு மேடைக்குப் போகிறவர்போலப் பணக் கட்டை எடுத்தார்.

"அத உள்ள வைங்க," என்றாள் கேதரின்.

"ஏன்?"

"டிவி வேணாங்க. நீங்க தெனமும் வண்டியத் தள்றதப் பாக்க மனசு கேக்கல. போயி வண்டி வாங்குங்க."

ஒரு வாரமாக இஞ்ஞாசிமுத்துவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபத்தாறு அங்குலமும் ஒரே நொடியில் இறங்கியது. எப்பேர்ப்பட்ட மனைவி என்று கண் கலங்கியது. வாசல் கதவைத் தானே கழட்டி வைத்துவிட்டு, அழகேசனோடு சேர்ந்து டிவியைத் தூக்கிக்கொண்டு, ஓடாத குறையாக வெளியே வந்தார்.

வேலியோரம் நின்ற மோரிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கூரையப் பிரிச்சு, தடுப்ப ஒடைச்சு, கடைசியில டிவியும் இல்லியாண்ணே? எம் பொண்டாட்டி ஜேன் இப்படி ஒண்ணக் கேட்டிருந்தா, வாசல்லயே நிப்பாட்டியிருப்பேன்லா."

அழகேசன் லோரியைத் தாண்டி, பெட்டியை மோரிஸ் வீட்டுப் பக்கமாகத் திருப்பினான்.

"சிரிக்காம ஒரு கை குடுங்கண்ணே. கேதரின் அக்கா வீட்டு வேலை முடிஞ்சுபோச்சு. ஒங்க வீட்டுல சமையல் குசினிய இடிச்சுக் கட்டி முடிச்சதும் வந்து தூக்கிக்கச் சொல்லியிருக்காங்க ஜேன் அக்கா."