கூப்பன் கிராணி

ரிங்லெட்

அன்புத் தங்கை ஷர்மினிக்கு அக்கா குமுதா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மழை எங்களைவிட நலம், ஒரு வாரமாக ஓய்வே எடுக்கவில்லை. டப்ளினில் நீயும் உன் கம்பளிச் சட்டைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் வேலையைப் பற்றி அப்பா சொன்னதைப் போன மாதம் தயங்கித் தயங்கி உனக்குச் சொன்னேன். "இருபது சொச்சம் நாட்டுக்கும் ஒரே காசு. வட்டிய ஜெர்மனில உக்காந்து முடிவு பண்றாங்க. அப்புறம் அயர்லாந்துக்கு எதுக்குத் தனியா ஒரு மத்திய வங்கி? வேலையே இல்லாத எடத்துல என் மவளுக்கு என்ன வேல? தீபாவளிக்குள்ள வந்துடச் சொல்லுலா." பள்ளியில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்தும் நான் மூன்று முறை விளக்கித் தோற்றேன். நான்காம் முறை விளக்கியது தமிழ்ப்பள்ளியின் உணவுச் சந்தை.

மூன்று தேயிலைத் தோட்டங்களும் சேர்ந்து நடத்தியதால், கடைகளில் காசுக்குப் பதிலாக மூன்றுக்கும் ஒரே கூப்பன். எத்தனை கூப்பன், என்ன விலை என்பதைத் தோட்டத்துக்கு ஒருவர் வந்து கூட்டாக முடிவு செய்தார்கள். நம் தோட்டத்துக்கு தோட்டத்துக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணியான அப்பா. போனவர் நமக்கு மட்டும் இருநூறு கூடுதலாகக் கேட்க, கூட்டத் தலைவி ரமணி டீச்சர், "இங்க யாரும் அவங்கவங்க தோட்டத்துக்காகப் பேச வரலங்க ஐயா, மூணுக்கும் சேத்துத்தான்" என்றாராம். விலையும் எண்ணிக்கையும் தன் கையில் இல்லையென்றால் தான் என்ன பொம்மையா என்று அப்பா இரண்டு நாள் என் சமையலில் குறை கண்டுபிடித்தார்.

சந்தையன்று பத்து மணிக்கே மழை கொட்டி, கூடாரம் ஒழுகி, கூப்பன்கள் கூழாகி, கடைக்காரர்கள் வாங்க மறுத்து, சாப்பாட்டுக்கடை உமர் அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து இது கூப்பனா, குழம்பில் ஊறின ரொட்டி சானாயா என்று கேட்க, அப்பா ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற இரண்டு தோட்டத்துக்கும் போன் அடித்து, ஒரு கூப்பன் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் புதிது தரலாம் என்று பேசி முடித்து, ஒவ்வொன்றையும் அளந்து அளந்து மாற்றினார். எல்லாக் கூப்பனிலும் மை கரைந்து வழிய, நம் தோட்டத்துக் காளிமுத்து நீட்டியவை மட்டும் நனைந்தும் பளிச்சென்று இருந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "காளிமுத்து, எல்லாரு கூப்பனும் அழுவுது. உன்னோடது மட்டும் ஏன்டா சிரிக்குது?" நகல் இயந்திரத்தின் மை தண்ணீரில் கரையாதே; கள்ள நகல் எடுத்தவன் அங்கேயே ஒப்புக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து காலைத் துடைக்கும்போது கேட்டார்: "கூட்டத்துல உக்காந்தவங்களுக்கு காளிமுத்துவத் தெரியுமா? பக்கத்துல ஒரு ஆளு வேணும்ல. உன் தங்கச்சி அங்க இதத்தான் செய்றாளா?" ஏறக்குறைய இதுதான், இன்னும் பெரிய மழையில் என்றேன். சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் துணி போடக்கூட அவர் என்னை விடுவதில்லை. பிறகு, "அப்ப அவ அங்கயே இருக்கட்டும். மேசைய விட்டுட்டு வரக்கூடாது" என்றார். ஆகவே வேலையை விட வேண்டாம். நிம்மதியாக இரு.

அப்பாவின் ஆசியும் உமர் அண்ணனின் சலாமும் இத்துடன் வருகின்றன. என் அன்பைத் தனியே எடுத்துக்கொள்.

உன் அக்கா,
குமுதா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது அப்பா வந்து, மை கரைந்த கூப்பன் ஒன்றை உன் பெயர் எழுதி உள்ளே வைத்தார். பாதிக்கு மேல் இருக்கிறதாம், அளந்துவிட்டாராம். தபாலில் அனுப்பினால் மாற்ற மாட்டாராம், உரியவர் நேரில் வரவேண்டுமாம். மேசை தீபாவளி வரைக்கும்தான் திறந்திருக்குமாம்.